இறைச் சித்தமும் நம் விருப்பமும்

"எல்லாம் ஆண்டவர் சித்தப்படிதான் நடக்கிறது என்றால், நான் செய்யும் தவறும் அவர் சித்தம்தானே?" ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஒரு மாணவன் என்னிடம் கேட்ட கேள்வி இது. விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் பழைய திருவிதாங்கூர் மண்ணிலேயே அதற்கொரு சான்று உண்டு.

1741இல் நடந்த குளச்சல் போரில் டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய், மன்னர் மார்த்தாண்டவர்மரிடம் சிறைப்பட்டார். பின்னர் அம்மன்னரின் படைக்கே பயிற்சி அளித்தார். பத்மநாபபுரத்தில் அரசுப் பணியிலிருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை, குடும்பத்தில் நேர்ந்த இழப்புகளால் மனமுடைந்திருந்தபோது, டிலனாய் அவருக்கு யோபுவின் வரலாற்றைச் சொன்னார்.

டிலனாயின் வருகை நீலகண்ட பிள்ளையின் கையில் இல்லை. அதில் கடவுளின் கரத்தை நாம் காண்கிறோம். ஆனால் கேட்டதை மறந்துவிட்டு அவர் தம் வேலையைப் பார்த்திருக்கலாம். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனது அவரே எடுத்த முடிவு. 1749இல் கைதான பிறகு, துன்பங்களுக்கிடையே பின்வாங்காமல் நின்றதும் அவர் முடிவே.

1752 ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதுவும் இறைவனின் விருப்பமா? அல்ல. அது மனிதர் செய்த அநீதி. பழி அவர்களையே சாரும். ஆனால் கதை அந்த அநீதியோடு முடிந்துபோக ஆண்டவர் விடவில்லை. சகோதரர்களால் விற்கப்பட்ட யோசேப்பின் வரலாறு கற்பிப்பதும் இதுவே. தேவசகாயம் 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார்.

ரயில்வேயில் பணியாற்றியவன் என்பதால் ஓர் உவமை சொல்கிறேன். ரயில் டிரைவரிடம் ஸ்டியரிங் கிடையாது. பாதையைப் போட்டவர் வேறு, பாயிண்டைத் திருப்புகிறவர் வேறு. ஆயினும் சிவப்பு சிக்னலைக் கண்டு பிரேக் போடுவது டிரைவரின் பொறுப்பு. விபத்து விசாரணை அறிக்கையில் "கடவுள் சித்தம்" என்று நாங்கள் ஒருநாளும் எழுதியதில்லை. எங்கே, யார் தவறினார் என்றுதான் எழுதினோம்.

உவமை முழுவதும் பொருந்தாது. ரயில் தானாகப் பாதையை மாற்றாது; மனிதனோ விலகிப் போகிறான். விலகியவனையும் கடவுள் திரும்ப அழைக்கிறார். வலுக்கட்டாயமாக இழுப்பதில்லை.

பிலிப்பியர் 2ஆம் அதிகாரத்தின் 12, 13ஆம் வசனங்களைச் சேர்த்து வாசியுங்கள். முன்னது நம் முயற்சியைக் கேட்கிறது. பின்னது நமக்குள் செயல்படுகிறவர் கடவுளே என்கிறது. ஒன்றை விட்டு மற்றதைப் படித்தால் ஆணவம் வரும், அல்லது சோம்பல் வரும்.

அந்த மாணவனிடம் இப்படிச் சொன்னேன்: "தம்பி, நல்லது செய்ய முடிந்தால் ஆண்டவருக்கு நன்றி சொல். தவறு செய்தால், 'இது என் தவறு' என்று சொல். இரண்டையும் சொல்லத் தெரிந்தவனுக்கு இந்தக் கேள்வி பாரமாக இருக்காது."