மூச்சை விடுங்கள், கட்டைவிரலை மடக்குங்கள்

ஸ்கூபா டைவிங்கில் நேரும் விபத்துகளைத் துருவிப் பார்த்தால், பல விபத்துகள் கரையிலேயே தொடங்கியிருப்பது தெரியும். மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமாவுக்கு நேரே ‘இல்லை’ என்று டிக் அடித்தபோது தொடங்கியிருக்கும். அல்லது மூக்கடைப்போடு படகேறியபோது. ‘இவ்வளவு செலவு பண்ணி வந்துட்டு இறங்காம போறதா?’ என்ற எண்ணம் ஒரு பக்கம். நாலு பேர் முன்னால் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்கக் கூடாதே என்ற கூச்சம் இன்னொரு பக்கம். கீழே உள்ள விதிகளில் எதுவும் கஷ்டமானதல்ல. அந்தக் கணக்கையும் கூச்சத்தையும் தள்ளிவைப்பதுதான் கஷ்டம். அதனால் முதல் விதியாக அதையே வைக்கிறேன்.

செய்ய வேண்டியவை

‘இன்னிக்கு வேண்டாம்’ என்று சொல்லத் தயாராக இருங்கள். எந்த டைவையும், யார் வேண்டுமானாலும், எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமல் நிறுத்தலாம் என்பது உலகெங்கும் டைவர்கள் மதிக்கும் வழக்கம். படகின் விளிம்பில் உட்கார்ந்து மாஸ்க் மாட்டிய பிறகும் சொல்லலாம். பத்து மீட்டர் ஆழத்திலிருந்தும் சைகை காட்டலாம். கூட வந்தவர் முகம் சுளிக்கக் கூடாது. முகம் சுளிக்கிற இன்ஸ்ட்ரக்டரிடம் மறுநாள் போகாதீர்கள். கட்டிய பணம் போனால் போகட்டும்.

எதற்குப் பணம் கட்டுகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்தமானில் ஹேவ்லாக் தீவில், இப்போதைய பெயர் சுவராஜ் தீவு, ‘நீச்சல் தெரியாட்டியும் பரவாயில்லை’ என்று விற்கப்படுவது அறிமுக டைவ். இன்ஸ்ட்ரக்டர் பின்னாலிருந்து உங்கள் சிலிண்டரைப் பிடித்தபடி கூடவே வருவார். அதிகபட்சம் 12 மீட்டர் ஆழம். கடலுக்குள் எப்படி இருக்கும் என்று ஒரு முறை பார்க்க அது போதும். அதை வைத்துக்கொண்டு டைவர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. தனிச் சான்றிதழ் வேண்டுமென்றால் ‘ஓபன் வாட்டர்’ படிப்பு இருக்கிறது. 200 மீட்டர் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும், சில நாட்கள் பாடமும் பயிற்சியும். முடித்தால் 18 மீட்டர் வரை இறங்கலாம். அடுத்த படி 30 மீட்டர். பொழுதுபோக்கு டைவிங்கின் கடைசி எல்லை 40.

என்னைக் கேட்டால், படிப்பை வெதுவெதுப்பான, அலையில்லாத, உங்கள் மொழியோ உங்களுக்குப் புரிகிற ஆங்கிலமோ பேசும் ஊரில் முடியுங்கள். இந்தோனேசியாவின் கொமோடோவில் நீரோட்டம் ஆளை அள்ளிக்கொண்டு போகும். ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவில் தண்ணீர் 2 முதல் 4 டிகிரி. உடம்பை நனையவிடாத ‘டிரை சூட்’ போட்டு இறங்கிய அனுபவம் இருக்கிறதா என்று கேட்பார்கள். இங்கெல்லாம் தேர்ந்த பிறகு போகலாம்.

மருத்துவப் படிவத்தில் உண்மையை எழுதுங்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு, காது அறுவை சிகிச்சை, சர்க்கரை, ரத்த அழுத்தம், கர்ப்பம் எதையும் மறைக்கக் கூடாது. ‘ஆம்’ என்று டிக் அடித்தாலே விரட்டிவிட மாட்டார்கள். மருத்துவரின் கையெழுத்து கேட்பார்கள். டைவிங் மரணங்களில் இதயம் சம்பந்தப்பட்டவை கணிசம். நாற்பதைத் தாண்டியவர்கள் ஊரிலேயே ஒரு பரிசோதனை செய்துகொண்டு சான்றிதழோடு போவது நல்லது. தீவில் போய் டாக்டரைத் தேடுவது வீண் அலைச்சல்.

பருவம் பாருங்கள். அந்தமானுக்கு நவம்பரிலிருந்து மே வரை. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் நேர்மாறு: தென்மேற்குப் பருவத்தில்தான் இலங்கையின் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும்.

மாஸ்க்கை முகத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். பட்டையைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுத்தால் அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மீசைக்காரர்களுக்குத் தனியாக ஒரு சேதி: மூக்குக்குக் கீழே நாலு முடி சிலிக்கோன் விளிம்புக்குள் அகப்பட்டால் போதும், அந்த வழியே தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். மூக்கை ஒட்டி ஒரு மெல்லிய கோடு மட்டும் மழித்துவிட்டால் பிரச்சினை தீரும். மீசையின் கம்பீரம் ஒன்றும் குறையாது. கண்ணாடி போடுகிறவர்களுக்குப் பவர் லென்ஸ் வைத்த மாஸ்க் கிடைக்கும். புது மாஸ்க்கின் கண்ணாடியை உள்பக்கம் டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு டைவுக்கும் முன் எச்சிலைத் துப்பித் தடவி ஒரு முறை அலசினால் பனி படியாது. எச்சில் என்று அருவருப்பவர்கள் மங்கலாக மீன் பார்க்க வேண்டியதுதான்.

முள்ளைப் பார்த்துக்கொண்டே மூச்சு விடுங்கள். முதுகில் ஏறுவது ஆக்சிஜன் சிலிண்டர் என்று பத்திரிகைகள் எழுதும். அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் அதே காற்று, சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைத்தது. சுத்த ஆக்சிஜனை ஆறு மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் அதுவே நஞ்சாகும். படகில், சிலிண்டரிலிருந்து காற்று தரும் ரெகுலேட்டரை வாயில் வைத்து நாலைந்து முறை நன்றாக இழுங்கள். கண் அழுத்தமானியின் மேல் இருக்கட்டும். முள் அசையாமல் நின்றால் வால்வு திறந்திருக்கிறது. ஒவ்வொரு இழுப்புக்கும் முள் விழுந்து எழுந்தால் வால்வு அரைகுறையாகத் திறந்திருக்கிறது. மேலே போதுமானதாகத் தோன்றும் அந்தக் காற்று, ஆழத்தில் போதாது. காற்றில் எண்ணெய் வாடையோ புகை வாடையோ அடித்தால் சிலிண்டரை மாற்றச் சொல்லுங்கள்.

தலை எண்ணிக்கையைக் கவனியுங்கள். 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் டைவிங் முடிந்து படகு கரைக்குத் திரும்பிவிட்டது. ஓர் அமெரிக்கத் தம்பதி கடலிலேயே விடப்பட்டிருந்தார்கள். அவர்களுடைய பை படகில் கிடப்பதைப் பார்த்து, ஆளைக் காணோம் என்று உணர்ந்தபோது இரண்டு நாள் ஆகியிருந்தது. அவர்கள் கிடைக்கவே இல்லை. குவீன்ஸ்லாந்தில் ஆள் எண்ணும் விதிகள் அதன் பிறகு கடுமையாயின. உங்கள் படகில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணுகிறார்களா என்று பாருங்கள். படகில் முதலுதவிக்கு ஆக்சிஜன் இருக்கிறதா என்றும் கேளுங்கள். தண்ணீருக்கு மேலே அது மருந்து.

காற்று பாதியானதும் வழிகாட்டிக்குச் சொல்லுங்கள், 50 பாரோடு மேலே வாருங்கள். பத்து மீட்டரில் மேலே ஆவதைப்போல இரண்டு மடங்கு காற்று செலவாகும். இருபதில் மூன்று மடங்கு. புதிதாக வருபவர் பதற்றத்தில் இன்னும் வேகமாகத் தீர்ப்பார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள்.

மெதுவாக ஏறுங்கள். நிமிடத்துக்கு ஒன்பது மீட்டருக்கு மேல் வேண்டாம். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நில்லுங்கள். அழுத்தத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகாமல் மெல்ல வெளியேறத்தான் இந்த நிறுத்தம்.

செய்யக்கூடாதவை

மூச்சை அடக்காதீர்கள். ஒரே ஒரு விதியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களின் திறமையெல்லாம் மூச்சை அடக்குவதில்தான் இருந்தது. அவர்கள் மேலே இழுத்த காற்று கீழே போகப்போகச் சுருங்கும். ஏறும்போது பழைய அளவுக்கே திரும்பும். நுரையீரலுக்கு ஆபத்தில்லை. ஸ்கூபாவில் அழுத்தம் மிகுந்த ஆழத்திலேயே காற்றை நிரப்பிக்கொள்கிறோம். பத்து மீட்டரில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். வாயை மூடிக்கொண்டால் அது போக வழியில்லை; நுரையீரல் கிழியும். இதற்கு ஆழ்கடல்கூட வேண்டாம், நீச்சல் குளத்தின் ஆழமே போதும். ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவினால்கூட ‘ஆ…’ என்று சின்னக் குமிழிகளை விட்டபடி தேடுங்கள்.

வாந்தி வந்தால்? ரெகுலேட்டருக்குள்ளேயே எடுக்கலாம், அதற்கும் அது தாங்கும். எடுத்து முடித்த பின் முன்பக்கப் பொத்தானை அழுத்தினால் சுத்தமாகிவிடும். மீன்கள் கூட்டமாக வரும், பயப்பட வேண்டாம்.

கட்டைவிரலை உயர்த்தாதீர்கள். நமக்கு அது ‘சூப்பர்’. நீருக்கடியில் அது ‘மேலே போவோம்’. இன்ஸ்ட்ரக்டர் நலமா என்று கேட்க, சந்தோஷமாகக் கட்டைவிரலைக் காட்டி, டைவ் அங்கேயே முடிந்துபோனவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நலமென்றால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். கழுத்தைக் குறுக்கே அறுப்பதுபோல் கையை அசைத்தால் காற்று இல்லை என்று பொருள். விளையாட்டுக்குக்கூட அதைக் காட்டாதீர்கள்.

சளியோடு இறங்காதீர்கள். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைச் சமன் செய்வதை மேற்பரப்பிலேயே தொடங்கி, ஒவ்வொரு மீட்டருக்கும் செய்ய வேண்டும். வலி வந்தால் ஒரு மீட்டர் ஏறி மறுபடி முயலுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினால் செவிப்பறை போகும். சளி மாத்திரையை முழுங்கிவிட்டு இறங்குவதும் சரியல்ல. கீழே இருக்கும்போது மருந்தின் வேகம் குறைந்தால், ஏறும்போது காற்று வெளியேற வழியின்றி மாட்டிக்கொள்ளும்.

படித்ததற்கு மேல் ஆழம் போகாதீர்கள். எகிப்தில் சினாய் கடற்கரையில் தஹாப் என்றொரு ஊர். அங்குள்ள ‘புளூ ஹோல்’ கரையிலிருந்து சில அடியில் தொடங்கும் ஆழ்குழி. சுமார் 55 மீட்டரில் அதன் சுவரில் ஒரு வளைவு திறந்து வெளிக்கடலுக்குப் போகிறது. தண்ணீர் அவ்வளவு தெளிவு. வளைவின் வழியே வரும் நீல வெளிச்சம், இதோ பக்கத்தில்தான் இருக்கிறது என்று தோன்ற வைக்கும். முப்பது மீட்டரைத் தாண்டும்போதே நைட்ரஜன் போதை தலைக்கேறத் தொடங்கும்: எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும், தன்மேல் அளவில்லாத நம்பிக்கை வரும். 55 மீட்டரில் காற்று மேலே ஆவதைப்போல ஆறரை மடங்கு செலவாகும். ஒற்றைச் சிலிண்டரோடு அந்த வளைவைத் தேடிப்போனவர்களின் நினைவுப் பலகைகள் கரையோரப் பாறையில் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. உடை மாற்றிக்கொண்டு இறங்கப் போகிறவர்கள் அவற்றைத் தாண்டித்தான் போகிறார்கள். அதே குழியின் மேல் முப்பது மீட்டரில் பவளச் சுவரை ஒட்டி அழகான, பாதுகாப்பான டைவ் செய்து திரும்பலாம். பலர் அதைத்தான் செய்கிறார்கள்.

மாலத்தீவில் 30 மீட்டர் என்பது சட்டம். மட்டக்களப்புக்கு அப்பால் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ‘ஹெர்மிஸ்’ விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டரை ஒட்டிய ஆழத்தில் கிடக்கிறது. அது தொழில்நுட்ப டைவிங் கற்றவர்களுக்கு உரியது. கப்பல் பார்க்கும் ஆசை இருந்தால் பாலியில் துலாம்பெனுக்குப் போங்கள். 1942-ல் டார்பீடோ தாக்கிக் கரை தட்டிய ‘லிபர்ட்டி’ கப்பலை, 1963-ல் அகுங் எரிமலை சீறியபோது ஏற்பட்ட அதிர்வு கடலுக்குள் தள்ளியது. சில மீட்டர் ஆழத்திலேயே தொடங்குகிறது. உங்கள் சிலிண்டரை அந்த ஊர்ப் பெண்கள் தலையில் சுமந்து கூழாங்கல் கரையில் செருப்போடு விறுவிறுவென்று நடந்து போவார்கள்; காலில் மாட்டும் ஃபின்ஸைக் கையில் பிடித்தபடி நாம் தடுமாறிக்கொண்டு பின்னால் போவோம்.

தலைக்கு மேல் கூரை இருக்கும் இடத்துக்குள் நுழையாதீர்கள். குகையோ கப்பல் அறையோ, நேராக மேலே வர முடியாத இடம் எதுவானாலும் தனிப் பயிற்சி வேண்டும். மெக்சிகோவின் செனோட்டே குகைகளில் வெளிச்சம் முடிகிற இடத்தில் எமன் படம் போட்ட பலகை வைத்திருக்கிறார்கள்.

எதையும் தொடாதீர்கள். பாறைபோல் வளரும் பவளம் ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர்தான் வளரும். நீங்கள் ஒரு உதை உதைத்தால் பல வருட வளர்ச்சி உடையும். கலாபகஸில் விலங்குகளிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. மாலத்தீவின் ஹனிஃபாரு விரிகுடாவில் ஆனைத்திருக்கைகள் கூடும் இடத்தில் ஸ்கூபாவுக்கே அனுமதியில்லை, மாஸ்க்கும் சுவாசக்குழாயும் போதும்.

சுறாவைக் கண்டு நடுங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது டிரிகர் மீன். நம் மீனவர்கள் கிளாத்தி என்பார்கள். அதன் பெரிய வகை முட்டையிட்ட காலத்தில் டைவர்களைத் துரத்திக் கடிக்கும். அது காக்கும் எல்லை, கூட்டிலிருந்து மேல்நோக்கி விரிந்துகொண்டே போகும் கூம்பு. பதறி மேலே போனால் இன்னும் அதன் எல்லைக்குள்தான் இருப்பீர்கள். பக்கவாட்டில் விலகுங்கள், ஃபின்ஸை அதன் பக்கம் நீட்டியபடி. கடித்தால் பிளாஸ்டிக்கைக் கடிக்கட்டும்.

எடுத்து வராதீர்கள். கரையில் செத்து ஒதுங்கிய பவளத்துண்டும் இதில் அடக்கம். இந்தியாவில் பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அந்தமான் விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள்.

உடனே விமானம் ஏறாதீர்கள். ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல நாள் பல டைவ் என்றால் 18 மணி நேரம் குறைந்தபட்ச இடைவெளி. பயணத்தின் கடைசி நாளைக் காலியாக விட்டு டிக்கெட் போடுங்கள். மலைக்கும் இதே கணக்குதான். புதுச்சேரியில் காலை டைவை முடித்துவிட்டு ராத்திரியே ஊட்டிக்கு வண்டியேறுவது, 2,200 மீட்டர் உயரத்துக்கு உடம்பிலுள்ள நைட்ரஜனோடு போவது.

வலியை மறைக்காதீர்கள். டைவுக்குப் பிறகு தோளிலோ முழங்காலிலோ விளக்க முடியாத வலி, கைகால் மரத்துப்போதல், தோலில் திட்டு, அளவுக்கு மீறிய அசதி, தலைசுற்றல் எது வந்தாலும் அன்றே சொல்ல வேண்டும். நைட்ரஜன் குமிழிகளின் வேலையாக இருக்கலாம். ‘சிலிண்டர் தூக்கினதுல பிடிச்சிருக்கும்’ என்று தைலம் தடவிப் படுத்துவிடுகிறார்கள். மறுபடி கடலில் இறங்கினால் சரியாகும் என்ற படகோட்டிகளின் வைத்தியமும் வேண்டாம். முதலில் ஆக்சிஜன், பிறகு மருத்துவமனை, தேவைப்பட்டால், அழுத்தத்தை மறுபடி ஏற்றி மெல்லக் குறைக்கும் அழுத்த அறை. மிக அருகிலுள்ள அழுத்த அறை எந்த ஊரில் இருக்கிறது, உங்கள் பயணக் காப்பீடு அந்தச் செலவை ஏற்குமா என்ற இரண்டையும் கிளம்புவதற்கு முன்பே கேட்டு எழுதி வையுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் ஸ்கூபா விலக்குப் பட்டியலில் இருக்கும்; பொடி எழுத்தில்.