சீட் கிடைத்துவிட்டது, இனி?

அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. முதல் வேலையாக மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஐந்தாறு நகல் எடுத்து வையுங்கள். அசலைக் கல்லூரியில் வாங்கிக்கொண்டால் பிறகு அலைச்சல்தான்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் மகளுக்குப் புதுமைப் பெண், மகனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான். பிள்ளை பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு தயாராக இருக்கட்டும்.

பணத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. தமிழ் வழியில் படித்த பிள்ளை முதல் செமஸ்டரில் ஆங்கிலப் பாடங்களில் திணறும். அரியர் விழுந்தால் வீட்டில் சொல்லப் பயந்து மறைக்கும். பெற்றோரே, கல்லூரிக்கு அனுப்பும் முன்பே, "அரியர் விழுந்தாலும் எங்களிடம் சொல், திட்ட மாட்டோம், மறுபடி எழுதிக்கொள்ளலாம்" என்று சொல்லிவிடுங்கள்.