சம்பளமில்லாத கமிஷன் வேலையை விட்ட பிறகு அரசு உதவித்தொகை கேட்பது எப்படி?



சென்ற மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு குழுவின் பிரதிநிதி எழுந்து ஒரு கேள்வி கேட்டார். அவருடைய குழு உறுப்பினரின் மகள் பிளஸ் டூ படித்தவள். தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்கும் ஒரு நிறுவனத்தில் ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டு நின்றுவிட்டாள். "சம்பளம்னு ஒரு பைசா கிடையாது, வித்தாத்தான் கமிஷன். அந்தப் புள்ளைக்கு அரசாங்கத்துல வேலையில்லாதவங்களுக்குக் கொடுக்கிற பணம் கிடைக்குமா? தானா வேலைய விட்டதால கிடைக்காதுன்னு கம்ப்யூட்டர் சென்டர்ல சொல்லிட்டாங்களாம்" என்றார். அன்று எங்களால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. விசாரித்து வந்து இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்த வேலையின் கணக்கைப் பார்ப்போம். அந்தப் பெண்ணையும் அவள் அம்மாவையும் உட்கார வைத்து, குழுவின் வரவு செலவு நோட்டில் எழுதுவது போலவே எழுதிப் பார்த்தோம். ஒரு கருவி விற்றால் 150 ரூபாய் கமிஷன். மாதத்தில் ஐந்து விற்றால் அதிகம். ஆக வரவு 750 ரூபாய். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதம் முதல் டிக்கெட் இல்லைதான், ஆனால் அவள் போக வேண்டிய ஊர்களுக்கு வெளியூர் பஸ்தான் உண்டு. ஒரு நாளைக்குப் போக வர 40 ரூபாய் என்று 26 நாளைக்கு 1,040. வெளியில் டீ, சாப்பாடு நாளைக்கு 30 ரூபாய் என்றால் 780. மொத்தச் செலவு 1,820. வரவைக் கழித்தால் மாதம் 1,070 ரூபாய் நஷ்டம். ஆறு மாதத்துக்கு 6,420. இதில்லாமல் சேரும்போது டெபாசிட் என்று 3,000 ரூபாய் கட்டியிருக்கிறாள். அது அம்மா குழுவில் எடுத்த உள்கடன். கடன் தவணையை அம்மா பூ கட்டி அடைத்துக்கொண்டிருக்கிறார். மகள் வேலைக்குப் போகிறாள் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது, அவளுக்கும் நஷ்டம் என்று வெளியில் சொல்ல வெட்கம். (இந்தக் கணக்கை வேலைக்குச் சேரும் முன்னால் போட்டிருந்தால் என்று எங்களில் ஒருவர் சொன்னார். வேலை கிடைத்த சந்தோஷத்தில் யாரும் கணக்குப் போடுவதில்லை.)

இனி உதவித்தொகைக்கு வருவோம். தமிழ்நாடு அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகைத் திட்டம் 2006-ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. இது விட்ட வேலைக்குக் கொடுக்கிற நஷ்டஈடு அல்ல. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்துவிட்டு, ஐந்து வருடம் காத்திருந்தும் வேலை கிடைக்காதவர்களுக்குக் கொடுப்பது. ஆகவே கடைசியாக எங்கே வேலை பார்த்தாய், ஏன் விட்டாய், முதலாளி அனுப்பினாரா நீயாக வந்தாயா என்பதை வைத்து இந்தப் பணம் முடிவாவதில்லை. தானாக விட்டால் கிடைக்காது என்று கம்ப்யூட்டர் சென்டரில் சொன்னது தவறு.

ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள தொழிலாளர்களுக்கு, வேலை இழந்தால் 90 நாள் வரை உதவி தரும் ஒரு மத்தியத் திட்டம் 2018-இல் வந்தது. சராசரிச் சம்பளத்தில் கால் பங்காக இருந்த அந்த உதவி 2020-இல் பாதியாக உயர்ந்தது. கமிஷன் மட்டும் வாங்கியவருக்கு ஈ.எஸ்.ஐ. பிடித்தமே இருக்காது என்பதால் அந்தக் கதவு இவளுக்கு இல்லை. மில்லிலோ கம்பெனியிலோ ஈ.எஸ்.ஐ. அட்டையோடு வேலை பார்த்து நின்றவர்கள் வீட்டில் இருந்தால் ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

மாநில அரசின் உதவித்தொகை எவ்வளவு? பத்தாம் வகுப்பு எழுதித் தவறியவர்களுக்கு மாதம் 200 ரூபாய், தேறியவர்களுக்கு 300, பிளஸ் டூ தேறியவர்களுக்கு 400, பட்டதாரிகளுக்கு 600. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் வரும், மூன்று வருடம் வரும். நம் பெண்ணுக்குக் காலாண்டுக்கு 1,200 ரூபாய், மூன்று வருடத்தில் 14,400. பெரிய தொகை இல்லை, குடும்பம் நடத்தப் போதாது. ஆனால் அந்த 3,000 ரூபாய் கடனை அடைத்து, தேர்வு விண்ணப்பத்துக்கும் போக்குவரத்துக்கும் அம்மா கையை எதிர்பார்க்காமல் இருக்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்குத் தொகை அதிகம், பதிவு செய்து ஒரு வருடம் முடிந்தாலே போதும், பத்து வருடம் வரை கிடைக்கும்.

யாருக்குக் கிடைக்கும் என்றால், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் 45 வயதுக்குள்ளும் மற்றவர்கள் 40 வயதுக்குள்ளும் இருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. பள்ளிப் படிப்பைத் தமிழ்நாட்டில் முடித்திருக்க வேண்டும். கல்லூரிக்கு நேரடியாகப் போய்ப் படிப்பவர்களுக்குக் கிடையாது, தொலைதூரக் கல்வியில் படிக்கலாம். பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற தொழில் படிப்புப் படித்தவர்களுக்கும் கிடையாது. அரசின் வேறு உதவித்தொகை ஏதாவது வீட்டுக்கு வந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிக் கேளுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது, பணம் வாங்கும் காலத்தில் சம்பள வேலையிலும் இருக்கக் கூடாது, சுயதொழிலும் செய்யக் கூடாது. கமிஷன் வேலை பார்த்தவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். நிறுவனம் கொடுத்த தாளை வாசித்துப் பார்த்தோம். 'நீங்கள் எங்கள் ஊழியர் அல்ல, சுயமாகத் தொழில் செய்யும் முகவர்' என்று போட்டிருந்தது. சம்பளம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எதுவும் கேட்க முடியாதபடி அவர்கள் எழுதிக்கொண்ட வரி அது. அதே வரியை அரசு அலுவலகத்தில் ஒருவர் படித்தால், 'சுயதொழில் செய்கிறாயே அம்மா' என்று கேட்க இடம் இருக்கிறது. வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டால் மட்டும் போதாது, நின்றதற்குச் சாட்சி வேண்டும்.

ஆகையால் அந்தப் பெண்ணை ஒரு விலகல் கடிதம் எழுதச் சொன்னோம். இன்ன தேதியிலிருந்து முகவர் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன், என் டெபாசிட் 3,000 ரூபாயையும் நிலுவைக் கமிஷனையும் அசல் மதிப்பெண் சான்றிதழையும் திருப்பித் தர வேண்டும் என்று நாலே வரி. சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும்படி தபாலில் அனுப்பி, நகலையும் ரசீதையும் பத்திரப்படுத்தினாள். ஆமாம், சான்றிதழையும் வாங்கி வைத்திருந்தார்கள்! அசல் சான்றிதழை எந்த விற்பனை நிறுவனத்திடமும் கொடுக்காதீர்கள், நகல் போதும். அது இல்லாமல் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனால் சரிபார்க்க என்னத்தைக் காட்டுவது?

கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் தாலுகா கோர்ட்டில் உள்ள வட்ட சட்டப்பணிகள் குழுவுக்கோ, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கோ போகலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே வக்கீல் உதவி இலவசம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். தினமும் கையெழுத்து வாங்கினார்களா, நேரம் குறித்தார்களா, போகாத நாளுக்குத் திட்டினார்களா? அப்படியானால் தாளில் முகவர் என்று இருந்தாலும் ஊழியர் போல நடத்தியிருக்கிறார்கள் என்று தொழிலாளர் துறை அலுவலகத்திலும் மனு கொடுத்துப் பார்க்கலாம். அடையாள அட்டை, ஆர்டர் புத்தகம், போனில் வந்த செய்திகள் எதையும் அழிக்க வேண்டாம். பொருள் விற்பதை விட ஆள் சேர்த்தால்தான் பணம் என்று சொல்லியிருந்தால் அது வேறு விவகாரம். அப்படிப்பட்ட பணச் சுழற்சித் திட்டங்கள் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே தடை செய்யப்பட்டவை. போலீசில் புகார் கொடுக்க வேண்டும்.

விண்ணப்பப் படிவம் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இலவசமாகக் கிடைக்கும். யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். வருவாய்த் துறைச் சான்று, வேலைவாய்ப்புப் பதிவு அட்டை, அசல் சான்றிதழ்கள், ஆதார், வங்கிப் புத்தகம் எடுத்துக்கொண்டு நேரில் போக வேண்டும். பணம் வர ஆரம்பித்த பிறகும் வருடத்துக்கு ஒருமுறை, வேலையில் இல்லை என்று சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்க வேண்டும். மறந்தால் பணம் நின்றுவிடும். இடையில் வேலை கிடைத்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

"தனியார் வேலைக்குப் போனா பதிவு அழிஞ்சிடுமே" என்று ஒரு அக்கா கேட்டார். அழியாது. தனியார் வேலையில் சேர்வதால் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு ரத்தாவதில்லை. பதிவு போவது புதுப்பிக்காமல் விடுவதால்தான். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

இங்கேதான் இரண்டு வீட்டுக் கதை வேறுவேறாகப் போனது. நம் பெண் 2019-இல் பள்ளியிலேயே பதிவு செய்து, 2022-இலும் 2025-இலும் புதுப்பித்திருக்கிறாள். ஐந்து வருடம் 2024-லேயே முடிந்துவிட்டது. அதே குழுவில் இன்னொருவரின் மருமகள் அவளோடு படித்தவள்தான். 2022-இல் பிரசவத்துக்கு அம்மா வீட்டில் இருந்தாள், அட்டை மாமியார் வீட்டுப் பெட்டியில் இருந்தது, புதுப்பிக்கவில்லை. அவள் புதிதாகப் பதிந்து ஐந்து வருடத்தை மறுபடி எண்ண வேண்டியிருக்கிறது. அவளுக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

கமிஷன் வேலை பார்த்த பெண்ணின் சான்றிதழ் கடிதம் போன பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்துவிட்டது. டெபாசிட் இன்னும் வரவில்லை, சட்டப்பணிகள் குழுவில் மனு கொடுத்திருக்கிறாள். உதவித்தொகை விண்ணப்பத்தையும் கொடுத்தாகிவிட்டது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் வீட்டுப் பிள்ளைகள், மருமகள்களின் வேலைவாய்ப்புப் பதிவு அட்டையைக் கையோடு எடுத்து வாருங்கள். புதுப்பிக்கும் மாதத்தைக் குழுவாரியாகத் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கப் போகிறோம். கல்யாணமாகி வேறு மாவட்டத்திலிருந்து வந்தவர்கள் பதிவை இந்த மாவட்டத்துக்கு மாற்றுவது பற்றி அன்றே கேட்டுக்கொள்ளலாம்.