தென்னை நிழலில் தீவனப் புல்

அன்புள்ள தம்பிக்கு,

தோப்புக்குள் மாட்டுக்குப் புல் வளர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். வளர்க்கலாம், ஆனால் மரத்தின் வயதைப் பார்த்துத்தான். எட்டு வயதிலிருந்து இருபது, இருபத்தைந்து வயதுவரை மட்டைகள் தரையை மூடிவிடும். அந்தக் காலத்தில் எந்தப் புல்லை வைத்தாலும் வெளுத்து மெலியும். உன் மரங்களோ முப்பதைத் தாண்டியவை. தலை உயர்ந்துவிட்டதால் வெயில் சாய்வாக உள்ளே இறங்கும். 25 அடிக்கு 25 அடி நட்ட தோப்பில் ஒரு மரத்துக்கு 625 சதுர அடி நிலம். உறிஞ்சு வேர்களில் பெரும்பகுதி தூரைச் சுற்றி ஆறடிக்குள் இருக்கிறது. அந்த வட்டப்பாத்தியைத் தொடாமல் விட்டாலும் முக்கால் பங்குக்கு மேல் மிச்சம்.

அக்கம்பக்கத்தார் கம்பு நேப்பியரைத்தான் சொல்வார்கள். திறந்த வெயிலில் அதை மிஞ்ச ஆளில்லை. நல்ல நிழலில் தூர் கட்டாமல் நெட்டையாக ஓடும். கினியாப் புல் விளைச்சலில் ஒரு படி கீழேதான், ஆனாலும் பாதி வெயிலிலேயே இலை விட்டுச் செழிக்கும். வேர்க்கரணை வைத்து 45 நாளில் முதல் அறுப்பு எடுக்கலாம். அறுக்கிறவரிடம் மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவை: அடித்தாள் அரைச் சாணுக்குக் குறையக் கூடாது. நிழல் புல் கிடைத்ததையெல்லாம் இலைக்கே செலவழித்துவிடும், வேரில் சேமிப்பு இருக்காது. ஒட்ட அறுத்தால் மறுதுளிர் வராது. நீர் அதிகமுள்ள புல் என்பதால் சோளத்தட்டோ வைக்கோலோ கலந்து போடு.

புல் வைத்தால் காய்ப்பு விழும் என்று பயமுறுத்துவார்கள். அந்தப் பயம் முழுக்கப் பொய்யல்ல. ஒரு டன் பசும்புல் மண்ணிலிருந்து மூன்று நான்கு கிலோ சாம்பல் சத்தை எடுத்துப் போகிறது. காய்க்கும் தென்னை ஒன்றுக்கு ஆண்டுக்குப் பரிந்துரைக்கப்படும் சாம்பல் சத்து 1,200 கிராம். ஆக, ஒரு டன் புல்லை வெளியே விற்றால் மூன்று மரத்தின் ஓராண்டுப் பங்கு வண்டியேறுகிறது. புல்லை விற்றுக் காசு பார்க்கும் யோசனை வேண்டாம் என்பது இதனால்தான். உன் மாடே தின்றால் கதை வேறு. தின்ற சாம்பல் சத்தில் பெரும்பகுதி மாட்டின் வழியாகத் திரும்பி வந்துவிடும். அதிலும் சாணத்தில் வருவது குறைவு, மூத்திரத்தில் வருவதே அதிகம். குப்பைக்குழியை மட்டும் நம்பி, தொழுவம் கழுவும் தண்ணீரைத் தெருவில் விடுகிறவர்கள் சத்தின் நல்ல பாதியை இழக்கிறார்கள். காசர்கோட்டு மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் கலப்புப் பண்ணைகளில் புல்லுக்குத் தனியே உரமிட்டு, தொழுவக் கழிவையும் நிலத்துக்கே திருப்பினார்கள், காய்ப்பு குறையவில்லை.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் புல் வேண்டாம் என்று பயமுறுத்துகிறவர்கள் பக்கம்தான் நானும். கோடையில் மரத்துக்கே பாசனம் எட்டாத பகுதியில் புல் வைக்காதே. கிணறு தாங்கும் அளவுக்கு நாலைந்து வரிசையில் தொடங்கு. வேர்க்கரணை வாங்கப் போவதற்கு முன், தொழுவத்திலிருந்து தோப்புக்கு வாய்க்காலை வெட்டிவிடு.

அன்புடன்,
அண்ணன்