விண்ணிலிருந்து விளைச்சல் கணக்கு

நாம் சரக்கைக் கண்ணால் பார்த்து, கையில் அள்ளி முகர்ந்து வாங்குகிறோம். விலையை மட்டும் காதால் கேட்டு வாங்குகிறோம். "அந்தப் பக்கம் மழையில்லை, பயிர் போய்விட்டது" என்று ஒரு போன் வந்தால் போதும், மதியத்திற்குள் மண்டியில் விலை ஏறிவிடும்.

சுமார் 20 ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பரில், குண்டூர் பக்கம் மிளகாய் பாதிக்குமேல் கருகிவிட்டதாக ஒரு தரகர் சொன்னார். அதை நம்பி, பழைய வற்றல் 200 மூடையைக் கூடுதல் விலைக்கு வாங்கி அடுக்கினேன். பிப்ரவரியில் புது வரத்து வழக்கம்போல் வந்து இறங்கியது. என் சரக்கோ நாளுக்கு நாள் நிறம் மங்கியது. கடைசியில் நஷ்டத்திற்குத் தள்ளிவிட்டேன். தரகரைக் குறை சொல்வானேன், அவருக்கும் யாரோ சொன்னதுதான்.

இது நம்மைப் போன்ற சிறு வியாபாரிகளுக்கு மட்டும் நேர்வதல்ல. 1972ல் சோவியத் நாட்டில் கடுங்குளிராலும் வறட்சியாலும் கோதுமை விளைச்சல் கெட்டது. அதன் முழு அளவு வெளியே தெரியவில்லை. அவர்களது கொள்முதல் அதிகாரிகள் அமெரிக்கா வந்து, ஏற்றுமதிக் கம்பெனிகளிடம் தனித்தனியே பேசினார்கள். ஒரு கம்பெனி விற்றது மற்றொன்றுக்குத் தெரியாது. இப்படி ஒரு கோடி டன்னுக்கு மேல் கோதுமையைப் பழைய மலிவு விலையில் பேசி முடித்துவிட்டார்கள். அந்த விலைக்கு விற்க அமெரிக்க அரசே மானியமும் கொடுத்தது என்பதுதான் வேடிக்கை. விஷயம் வெளியானதும் விலை தாறுமாறாக ஏறியது. 'தானியக் கொள்ளை' என்று பத்திரிகைகள் எழுதின. வாங்கியவனுக்குத் தெரிந்தது விற்றவனுக்குத் தெரியவில்லை, நடந்தது அவ்வளவே.

அதே ஆண்டு ஜூலை 23ஆம் தேதிதான் லேண்ட்சாட் வரிசையின் முதல் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அதன் படங்களைக் கொண்டு அயல்நாட்டுக் கோதுமையைக் கணக்கெடுக்கும் பெரிய திட்டத்தை அமெரிக்கர்கள் 1974ல் தொடங்கினார்கள். 1977ல் சோவியத் வசந்தகாலக் கோதுமை குறையப்போகிறது என்பதை, அந்நாடு அறிவிக்கும் முன்பே கணித்துவிட்டார்கள்.

அவ்வளவு உயரத்திலிருந்து பயிர் எப்படித் தெரிகிறது? செழிப்பான பச்சை இலை, சூரிய ஒளியில் உள்ள சிவப்பைப் பெரும்பாலும் உறிஞ்சிக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பலமாகத் திருப்பி அனுப்பும். வாடிய இலையில் இந்த வேறுபாடு குறைந்துவிடும். செயற்கைக்கோள் இரண்டையும் அளக்கிறது. நெல்லுக்கும் கோதுமைக்கும் கடுகுக்கும் முளைப்பது, தழைப்பது, பழுப்பது எல்லாம் வெவ்வேறு காலத்தில். ஆகவே ஒரே வயலைப் பலமுறை படமெடுத்தால் அது என்ன பயிர் என்றும் கூறிவிடலாம். பிறகு ஆட்கள் சில வயல்களுக்கு நேரில் சென்று சரிபார்ப்பார்கள்.

நம் நாட்டின் ஐ.ஆர்.எஸ். வரிசையில் முதல் தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ். 1ஏ, 1988 மார்ச்சில் ஏவப்பட்டது. அதன் ஒரு காமிராவில் படத்தின் ஒரு புள்ளி 72.5 மீட்டர் சதுரம், அதாவது ஒன்றேகால் ஏக்கருக்கு மேல். நம் விவசாயிகள் பலருடைய நிலமே அவ்வளவு இராது. 1995ல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ். 1சியில் அது சுமார் 14 சென்ட்டாகக் குறைந்தது. இன்று ஐரோப்பியர்களின் சென்டினல் 2 செயற்கைக்கோளில் ஒரு புள்ளி இரண்டரை சென்ட்தான், அந்தப் படங்களும் இலவசம். மேகம் மூடினால் இவை பயன்படா. மழைக்கால நெல்லுக்கு, மேகத்தை ஊடுருவும் ராடார் செயற்கைக்கோள்கள் உள்ளன. நமது ரிசாட் 1, 2012ல் ஏவப்பட்டது.

அதே 2012ல் தில்லியில் மகாலனோபிஸ் தேசியப் பயிர் முன்கணிப்பு மையம் தொடங்கப்பட்டது. நெல், கோதுமை, கடுகு, கரும்பு போன்றவற்றை அறுவடைக்கு முன்பே மதிப்பிடுவது அதன் வேலை. 2014ல் வெங்காயம், உருளை, தக்காளி, மிளகாய் முதலியவற்றுக்கும் தனித்திட்டம் வந்தது. எனக்கு அந்த டிசம்பரில் இப்படி ஒரு கணக்கு கையில் கிடைத்திருந்தால், 200 மூடைக்குப் பதில் 20 மூடையோடு நிறுத்தியிருப்பேன்.

அதற்காக "சாட்டிலைட் ரிப்போர்ட்டே வந்துவிட்டது" என்று யாராவது சொன்னதும் பணத்தை எடுத்து நீட்டிவிடக்கூடாது. படம் எந்தத் தேதியில் எடுத்தது என்று முதலில் கேட்க வேண்டும். அதன் பிறகு பெய்த மழை அதில் இராது. சொல்வது சாகுபடிப் பரப்பா, விளைச்சலா என்றும் கேட்க வேண்டும். பரப்பு குறைந்தும் ஏக்கருக்கு மகசூல் கூடிய ஆண்டுகளை நாம் பார்த்திருக்கிறோம். கிடங்குக்குள் எத்தனை மூடை இருக்கிறது என்பது எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாது. சர்க்கார் உத்தரவும் தெரியாது. 2023 டிசம்பரில் வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தபோது உள்நாட்டுச் சந்தையில் விலை இறங்கியது. வயலில் இருந்த வெங்காயம் அன்றும் அப்படியேதான் இருந்தது.

துவரையில் இன்னும் எச்சரிக்கை தேவை. பல இடங்களில் அதைத் தனிப்பயிராக இடாமல் நிலக்கடலை, சோளம், பருத்தி இவற்றுக்கு இடையில் வரிசை போடுகிறார்கள். படத்தில் பிரித்தறிவது கடினம். தவிர, நாம் விற்கும் துவரம்பருப்பில் ஒரு பங்கு மியான்மர், மொசாம்பிக், தான்சானியா நாடுகளிலிருந்து வரும் துவரையில் உடைத்தது. துவரை வியாபாரம் செய்யும் உறுப்பினர்கள் உள்நாட்டு மதிப்பீட்டோடு கப்பல் வரத்தையும் சேர்த்துப் பார்த்தே கொள்முதலை முடிவு செய்யவும்.