மிரட்டுபவன் கையில் துப்பாக்கி



பள்ளிக்கூடத்தில் சுட்டான், கடைவீதியில் சுட்டான் என்று அமெரிக்காவிலிருந்து செய்தி வரும்போதெல்லாம், “அந்தச் சர்க்கார் துப்பாக்கிகளைப் பிடுங்கிவிட்டால் என்ன?” என்று கேட்பவர்கள் நம்மில் பலர். கேள்வி நியாயமே, விடைதான் சுலபமன்று. வினா விடையாகப் பார்ப்போம்.

வினா: ஏன் பிடுங்க முடியவில்லை?

விடை: நம் நாட்டில் துப்பாக்கி என்பது சர்க்கார் லைசென்ஸ் கொடுத்து அனுமதிக்கும் பொருள். அங்கே அது குடிகளின் உரிமை. 1791-ல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த இரண்டாம் திருத்தம், ஆயுதம் வைத்திருக்க மக்களுக்குள்ள உரிமை மீறப்படலாகாது என்கிறது. அதே வாக்கியம் குடிப்படையைப் பற்றியும் பேசுவதால், உரிமை படைக்கா தனி ஆளுக்கா என்று நெடுங்காலம் தர்க்கம் நடந்தது. 2008-ல் ஹெல்லர் வழக்கில் சுப்ரீம் கோர்ட், ஐந்து நீதிபதிகள் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாக, தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைப்பது தனி ஆளின் உரிமை என்று தீர்த்தது. ஆயினும் அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்கேலியாவே, இவ்வுரிமைக்கு எல்லை உண்டு என்றும் எழுதி வைத்தார்.

வினா: பின் தகராறு எதைப் பற்றி?

விடை: அந்த எல்லையைப் பற்றியே. 2022-ல் நியூயார்க் மாகாணத்துச் சட்டத்தைத் தள்ளிய புரூயன் வழக்கில், நீதிபதி தாமஸ் ஒரு புதிய அளவுகோல் வைத்தார். ஒரு கட்டுப்பாடு பொதுநலத்துக்கு உதவுகிறது என்று காட்டினால் போதாது; அந்நாட்டின் பழைய வழக்கத்தில் அதற்கு வேர் இருக்கவேண்டும். வக்கீல்களெல்லாம் சரித்திர நூல்களைத் தூசி தட்டத் தொடங்கினார்கள்.

இதன் விளைவு ரஹிமி வழக்கில் தெரிந்தது. டெக்சாஸ் மாகாணத்தில் 2019 டிசம்பரில் ஒருவன், தன் குழந்தையின் தாயைக் கார் நிறுத்துமிடத்தில் பிடித்து இழுத்துக் காருக்குள் தள்ளினான். அவள் தலையில் அடிபட்டது. பார்த்துக்கொண்டிருந்த ஒருவரைக் கண்டதும் துப்பாக்கியை எடுத்துச் சுட்டான். அவள் தப்பி ஓடினாள். வெளியே சொன்னால் உன்னையும் சுடுவேன் என்று பிற்பாடு மிரட்டினான். 2020 பிப்ரவரியில் கோர்ட், அவள் பக்கம் போகக்கூடாது என்று உத்தரவிட்டது. அவ்வித உத்தரவுக்கு உட்பட்டவன் துப்பாக்கி வைத்திருப்பது 1994 முதல் மத்திய சட்டப்படி குற்றம். பின்னர் போலீசார் அவன் இருப்பிடத்தைச் சோதித்தபோது கைத்துப்பாக்கி, ரைஃபிள், தோட்டாக்கள் கிடைத்தன. கோர்ட் உத்தரவின் பிரதியும் அங்கேயே கிடந்தது!

குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றான். ஆனால் 2023-ல் அப்பீல் கோர்ட், புரூயன் அளவுகோலின்படி இந்தச் சட்டத்துக்குப் பழைய முன்மாதிரி இல்லை என்று தண்டனையை ரத்துசெய்தது. பெண்களில் பெரும்பாலோருக்கு வாக்குரிமையே இல்லாத காலத்துச் சட்டப் புத்தகத்தில், அடிபட்ட பெண்ணைக் காக்கும் ஏற்பாட்டைத் தேடினால் எங்கே கிடைக்கும்?

வினா: சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லிற்று?

விடை: 2024 ஜூன் 21-ந் தேதி, எட்டு நீதிபதிகள் ஒருமித்து அப்பீல் கோர்ட்டின் தீர்ப்பை மாற்றினார்கள். பிரதம நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார்: பழைய சட்டத்தின் அச்சு அசலான இரட்டை வேண்டியதில்லை, அடிப்படைக் கருத்து ஒத்திருந்தால் போதும். பிறரை மிரட்டுகிறவனிடம் ஜாமீன் எழுதி வாங்கும் வழக்கம் பழைய ஆங்கிலச் சட்டத்தில் இருந்தது. கணவனுக்கு எதிராக மனைவியும் அதைக் கேட்கலாம். (நம் ஊரில் சமாதானத்தைக் கெடுப்பவனிடம் பத்திரம் எழுதி வாங்குவதும் அந்த ஆங்கிலச் சட்டத்திலிருந்து வந்ததே.) ஆயுதத்தோடு திரிந்து ஜனங்களைப் பயமுறுத்தியவனின் ஆயுதத்தைப் பறிமுதல் செய்யும் சட்டங்களும் இருந்தன. ஆகவே, பிறர் உயிருக்கு மெய்யாகவே ஆபத்தானவன் என்று கோர்ட் கண்டவனிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாக விலக்கி வைக்கலாம்.

தனித்து நின்று மறுத்தவர், புரூயன் தீர்ப்பை எழுதிய அதே தாமஸ். ராபர்ட்ஸ், தாமஸ் இருவருமே கத்தோலிக்கர்கள். தற்காப்பு நியாயமானது என்பது திருச்சபையின் போதனை. துப்பாக்கிச் சட்டத்தின் எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதற்கு ஞானோபதேசத்தில் ஆயத்தமான விடை கிடையாது. ராபர்ட்ஸ் பக்கமே நியாயம் என்பது என் எண்ணம்.

வினா: இனி அந்தத் தாய்மார்களுக்குப் பயமில்லையா?

விடை: அப்படிச் சொல்வதற்கில்லை. அந்த 1994 சட்டத்தில் இரண்டு பிரிவுகள் உண்டு. ஆபத்தானவன் என்று கோர்ட் தீர்மானித்துச் சொன்ன உத்தரவு ஒன்று. அந்தத் தீர்மானம் இல்லாமல், அடிக்காதே மிரட்டாதே என்று மட்டும் தடுக்கும் உத்தரவு மற்றொன்று. முதலாவதைப் பற்றியே 2024-ல் தீர்ப்பாயிற்று. இரண்டாவதைப் பற்றி அந்தத் தீர்ப்பு ஒன்றும் முடிவு சொல்லவில்லை.