சோற்றுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது?

வீரபாண்டி,
தேனி மாவட்டம்.

அன்பு மருமகளுக்கு,

பள்ளிக்கூடத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் உனக்கு ஹீமோகுளோபின் 10.4 என்று வந்திருப்பதாக மதினி போனில் சொன்னார்கள். "மூணு வேளையும் நல்லாத்தானே சாப்பிடுறா, அப்புறம் எப்படி?" என்று ஒரே புலம்பல். நீயோ, "கார்போஹைட்ரேட், புரதம், கொழுப்பு, வைட்டமின், தாது உப்பு எல்லாம் படிச்சு மார்க்கும் வாங்கிட்டேன், எனக்கு எப்படி அத்தை ரத்தசோகை வரும்?" என்று செய்தி அனுப்பியிருக்கிறாய். சத்துணவுக் கூடத்தில் காலம் தள்ளியவளுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. போனில் பதில் சொன்னால் "சரி சரி" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில், பயப்படாதே. உன் வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் கீழே இறங்கினால் ரத்தசோகை என்று கணக்கு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இத்தனை பேரும் பட்டினி கிடப்பவர்கள் இல்லை. வயிறு நிறையச் சாப்பிடுகிறவர்கள்தான் பெரும்பாலோர். மதினி கேட்ட "நல்லாத்தானே சாப்பிடுறா" என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

நம் கம்பம் பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள். முல்லைப் பெரியாறு தண்ணீரில் லோயர் கேம்ப் தொடங்கி, நம்மூர் தாண்டி, பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல். அதுபோக வாழை, தென்னை, திராட்சை, பீட்ரூட். ஆண்டிபட்டிப் பக்கத்து மேட்டுக்காட்டில் முருங்கை. திருப்பூரிலிருந்து திருவிழாவுக்கு வரும்போதெல்லாம் பஸ் ஜன்னலில் இருந்து நீ பார்ப்பது பச்சைதான். ஆனால் மத்தியானம் எந்த வீட்டிலும் தட்டை எட்டிப் பார், வெள்ளையாக இருக்கும். குவித்த சோறு, பருப்பைத் தேடவேண்டிய சாம்பார், ஒரு கரண்டி உருளைக்கிழங்கு வறுவல். முருங்கையும் வாழையும் லாரி ஏறிப் போய்விடுகின்றன. கறந்த பால் சொசைட்டிக்குப் போய், டீ போட ஒரு டம்ளர் மிஞ்சுகிறது. விளையாமல் இல்லை, விளைந்தது தட்டுக்கு வருவதில்லை.

அரிசியை நான் குறை சொல்லவில்லை. நடக்க, ஓட, மூளை வேலை செய்யத் தெம்பு தருவது அதுதான். ஆனால் அதை நாம் நடத்துகிற விதம் சரியில்லை. பொன்னி அரிசியை மல்லிகைப்பூ மாதிரி வெளுக்கத் தீட்டச் சொல்கிறோம். தவிடும் முளையும் மில்லிலேயே போய்விடும். வீட்டுக்கு வந்ததை நாலு தடவை களைந்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்துவிடுகிறோம். பி வைட்டமின்கள் தண்ணீரில் கரைகிறவை. தவிடும் மாட்டுக்கு, கழனித்தண்ணியும் மாட்டுக்கு, வடிகஞ்சியும் மாட்டுக்கு. நம் வீட்டில் முறையாகச் சாப்பிடுகிற ஒரே ஜீவன் மாடுதான் என்று உன் தாத்தாவிடம் சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறேன்.

இது விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை. 1890-களில் ஜாவா தீவில் கிறிஸ்டியான் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், பெரிபெரி என்ற நோய்க்குக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். கால் மரத்து, வீங்கி, இதயம் நின்று ஆள் செத்துப்போகும் நோய் அது. அவர் ஆய்வுக்கு வளர்த்த கோழிகளுக்கும் கால் விழுந்தது. திடீரென்று எல்லாம் தானாகவே எழுந்து நடந்தன. விசாரித்தால், இடையில் கொஞ்ச காலம் கோழிகளுக்கு ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைப் போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்துச் சோற்றைக் கோழிக்குத் தரமாட்டேன் என்று நிறுத்திவிட, தீட்டாத அரிசி தின்ற கோழிகள் பிழைத்துக்கொண்டன. தவிட்டோடு போன சத்துக்குத் தயமின், அதாவது வைட்டமின் பி1, என்று பின்னால் பெயர் வைத்தார்கள். எய்க்மனுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த நோய் நம் சென்னை மாகாணத்திலும் இருந்தது. தீட்டிய பச்சரிசி தின்ற தெலுங்குக் கடலோர மாவட்டங்களில்தான் அதிகம். புழுங்கலரிசி தின்ற நம் பக்கம் அவ்வளவாக இல்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்தில் ஒரு பங்கு உள்ளே அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதற்கப்புறம் தீட்டினாலும் முழுசாகப் போவதில்லை. குடும்பத்தில் யாராவது "பச்சரிசிதான் கௌரவம்" என்றால் இதைச் சொல்.

பெரிபெரியை ஆராய 1918-ல் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் ஒரு சின்ன ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. அவர் குன்னூரில் வெள்ளெலிகளைப் பிரித்து வைத்து, இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களும் சாப்பிடுவதை ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்று சீக்கியர் சாப்பாடு தின்ற எலிகள் முதலிடம். மதராஸ் சாப்பாடு தின்றவை கடைசி. நமக்கு ரோஷம் வரத்தான் செய்யும். ஆனால் நம் எலிகள் தோற்றது அரிசியால் மட்டும் இல்லை. பாலும் பருப்பும் காயும் பேருக்கு இருந்ததால்தான். நூறு வருஷம் ஆகியும் நம் தட்டு பெரிதாக மாறிவிடவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இப்போது உன் தட்டுக்கு வருவோம். உன் வயதுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 43 கிராம் புரதம் வேண்டும் என்பது ஹைதராபாத் நிறுவனத்தின் கணக்கு. 300 கிராம் அரிசி சாப்பிட்டால் அதிலேயே 23 கிராம் வந்துவிடும். மீதிக்கு ஒரு முட்டை 6 கிராம், ஒரு டம்ளர் பால் 6 கிராம், ஒரு கைப்பிடி பருப்பு 6 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை 6 கிராம். முடிந்தது கணக்கு. பவுடர் டப்பா எதுவும் தேவையில்லை. அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு, பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைவது அரிசியில் இருக்கிறது. சாம்பார் சாதமும் பொங்கலும் இட்லியும் ஒன்றின் குறையை இன்னொன்று தீர்க்கிற சாப்பாடுகள்தான், பருப்பு நிஜமாகவே உள்ளே இருந்தால்.

முட்டையைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதமே உண்டு. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-ல் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதலில் முட்டை கிடையாது. 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று வந்து, 2010-ல் வாரம் ஐந்து ஆனது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். அந்தத் திட்டத்தில் செய்த மாற்றங்களிலேயே உருப்படியானது இதுதான் என்பேன். நீ வெள்ளைக்கருவைத் தின்றுவிட்டு மஞ்சள் கருவை ஒதுக்குவதை நான் பார்த்திருக்கிறேன். வைட்டமின் ஏ, டி, பி12, இரும்பு எல்லாம் இருப்பது அந்த ஒதுக்குகிற பாகத்தில்தான்.

இரும்பில்தான் நீ சறுக்கியிருக்கிறாய். உன் வயதில் ஆண் பிள்ளைக்கு நாளைக்கு 22 மில்லிகிராம் என்றால் உனக்கு 30. மாதாமாதம் ரத்தம் போகிறதே, அதையும் ஈடுகட்ட வேண்டும். தீட்டிய அரிசி 100 கிராமில் இரும்பு 1 மில்லிகிராம்கூடத் தேறாது. கம்பில் 6-க்கு மேல் இருக்கிறது. தேனி ரோட்டோரம் தள்ளுவண்டியில் மோர் மிளகாயும் சுண்டவற்றலும் தொட்டுக்கொள்ளக் கொடுத்து விற்கிறார்களே கம்பங்கூழ், அதை வெயில் காலத்துக் குளிர்ச்சி என்று மட்டும் நினைக்காதே.

மதினி தினமும் பீட்ரூட் ஜூஸ் போட்டுத் தருகிறார்களாமே. சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஆகாது. பீட்ரூட்டிலும் 100 கிராமுக்கு 1 மில்லிகிராம் இரும்புகூட இல்லை. காயாகச் சாப்பிடு, நல்லது. மருந்தாக நினைக்காதே. சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், வாங்கிக் கொடுக்கிற நம்மூர்ப் பழக்கம் இருக்கிறதே, அதில் நியாயம் உண்டு. ஆட்டு ஈரலிலும் சுவரொட்டியிலும் இருக்கிற இரும்பு உடம்பில் சுலபமாகச் சேரும். கீரை, பருப்பு, தானியத்தில் இருப்பது அவ்வளவு சுலபத்தில் சேராது. அதைச் சேரவைக்க வைட்டமின் சி வேண்டும். கீரைக்கும் பருப்புக்கும் எலுமிச்சம்பழம் பிழிந்துகொள், அல்லது சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய், ஒரு கொய்யா. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எல்லோரையும்போல எனக்கும் பெருமைதான். ஆனாலும் வைட்டமின் சி-யில் கொய்யா திராட்சையைவிடப் பல மடங்கு மேல்.

சேரவிடாமல் தடுப்பதும் ஒன்று உண்டு: நீ சாப்பிட்ட கையோடு குடிக்கிற டீ. திருவிழாவுக்கு வந்தபோது கவனித்தேன், கை கழுவுவதற்கு முன்னாலேயே "அத்தை, டீ" என்றாய். டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் கீரை, தானிய இரும்பைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும்; சேர வேண்டியதில் பாதிக்கும் மேல் குறையலாம். டீயை விடச் சொல்லவில்லை. விட மாட்டாய், தெரியும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளி வை. காசு செலவில்லாத வைத்தியம் இதைவிட வேறு இல்லை.

இன்னொன்று. ரேஷன் அரிசியில் கொஞ்சம் மங்கலாக, வித்தியாசமாக இருக்கிற மணிகளைப் "பிளாஸ்டிக் அரிசி" என்று பொறுக்கிப் போடுகிறார்களாம். அது அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து மறுபடி அரிசியாக அச்சிட்ட மணி. செறிவூட்டிய அரிசி என்று மூட்டையிலேயே போட்டிருக்கும். களையும்போது மிதப்பதால் சந்தேகப்படுகிறார்கள். பொறுக்க வேண்டாம் என்று மதினியிடம் சொல்.

அடுத்து, கண். நம்மூர் கௌமாரியம்மன் கோயில் கதை உனக்குத் தெரியும். பார்வை இழந்த வீரபாண்டிய மன்னனுக்கு ஒரு கண்ணை அம்மனும் இன்னொரு கண்ணைக் கண்ணீஸ்வரரும் தந்தார்கள் என்பார்கள். சித்திரையில் தீச்சட்டியும் ஆயிரங்கண் பானையும் எடுத்து வருகிறவர்களில் கண்ணுக்காக நேர்ந்துகொண்டவர்களும் உண்டு. நேர்த்திக்கடனைச் செலுத்தட்டும். கூடவே முருங்கைக்கீரையும் சாப்பிடட்டும். இருட்டில் பார்ப்பதற்குக் கண்ணுக்குள் வேண்டிய நிறமி வைட்டமின் ஏ-யிலிருந்துதான் உண்டாகிறது. அது குறைந்தால் முதலில் மாலைக்கண், முற்றினால் பார்வையே போகும். கீரையில் இருக்கிற கரோட்டின் எண்ணெய் இல்லாமல் சரியாகச் சேராது. அதனால் ஒரு கரண்டி நல்லெண்ணெயோ தேங்காய்த் துருவலோ போட்டு வதக்கச் சொல். கொழுப்பு என்றாலே ஓடுகிறவர்களுக்கு இந்த ஒரு காரணம் போதும்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து: பால், தயிர், கேழ்வரகு, முருங்கைக்கீரை. அது சேர வைட்டமின் டி வேண்டும், அதற்கு வெயில் வேண்டும். நாள் முழுக்க அறைக்குள் போனோடு இருந்தால் வராது. உப்பு அயோடின் சேர்த்ததாக இருக்கட்டும், ஆனால் நாளைக்கு 5 கிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள். ஊறுகாயும் அப்பளமும் சிப்ஸும் அந்தக் கணக்கில் சேர்ந்தவைதான். விளம்பரத்தில் வருகிற சத்து பானங்களில் சர்க்கரைதான் தூக்கல். 2024 ஏப்ரலில் மத்திய அரசே, இவற்றை "ஆரோக்கிய பானம்" என்ற தலைப்பில் விற்காதீர்கள் என்று இணையக் கடைகளுக்குச் சொல்லிவிட்டது. அந்தப் பணத்துக்கு முட்டையும் கடலையும் வாங்கலாம்.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 10.4-ஐச் சாப்பாட்டால் மட்டும் சீக்கிரம் ஏற்றிவிட முடியாது. வாராவாரம் பள்ளியில் தருகிற நீல மாத்திரை வராமல் தடுக்கத்தான். வந்த பிறகு டாக்டரைப் பார்த்துத் தினசரி மாத்திரை எடுக்க வேண்டும். குடலில் கொக்கிப்புழு இருக்கிறதா, மாதவிலக்கில் அதிகமாகப் போகிறதா என்று அவர் கேட்பார். வெட்கப்படாமல் சொல். மாத்திரையை டீயோடும் பாலோடும் போடாதே. மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதே, அது இரும்பின் நிறம். வயிறு பிசைந்தால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம், நீயாக நிறுத்தாதே. எண் 12-ஐத் தாண்டியதும் நம் ஆட்கள் உடனே மாத்திரையை ஓரம் கட்டிவிடுவார்கள். உடம்பில் இரும்பு இருப்புச் சேர இன்னும் சில மாதங்கள் ஆகும். டாக்டர் போதும் என்று சொல்லும் வரை சாப்பிடு. அடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் அத்தை